கார் ஏசி குளிரவில்லையா? கேஸ் ஏற்றுவதற்கு முன் பார்க்க வேண்டியவை

கார் ஏசியில் குளிர் குறைந்துவிட்டால் பெரும்பாலோர் முதலில் சொல்வது, "கேஸ் போயிருக்கும்" என்பதுதான். பல ஒர்க்‌ஷாப்களிலும் வேறெதையும் பார்க்காமல் கேஸை ஏற்றி அனுப்பிவிடுவார்கள். சில வாரங்கள் நன்றாகக் குளிரும். பிறகு பழைய குருடி கதவைத் திறடி.

ஏசி ஒரு மூடிய சுற்று. உள்ளே இருக்கும் கேஸ் திரும்பத் திரும்ப அதே பாதையில் ஓடுகிறதே தவிர, பெட்ரோலைப் போலச் செலவாகித் தீர்வதில்லை. ரப்பர் குழாய்கள், சீல்கள் வழியாக ஆண்டுக்கணக்கில் கொஞ்சம் கசியும், அது இயல்பு. ஆனால் ஒரே கோடையில் குறைந்துவிட்டது என்றால் எங்கோ ஓட்டை இருக்கிறது என்று பொருள். ஓட்டையை விட்டுவிட்டு கேஸை மட்டும் ஏற்றுவது, விரிசல் விட்ட பானையில் தண்ணீர் ஊற்றுகிற வேலைதான். அதைவிட முக்கியம், குளிர் இல்லை என்று வரும் கார்கள் பலவற்றில் கேஸ் சரியாகவே இருக்கும். பழுது ஒரு விசிறியிலோ, டாஷ்போர்டுக்குள் இருக்கும் கைக்கு அடக்கமான ஒரு மோட்டாரிலோ, பம்பருக்குப் பின்னால் தொங்கும் ஒரு சென்சாரிலோ இருக்கும்.

அதனால் பழுது பார்ப்பதற்கு நான் சொல்லும் வரிசை இதுதான்: முதலில் காற்று, அடுத்து ஹீட்டர் பக்கம், பிறகு மின்சாரம், கடைசியில்தான் கேஸ். முதல் மூன்றுக்குப் பெரிய கருவி எதுவும் தேவையில்லை. கேஸ் சுற்றைத் திறந்தால் மட்டும் இயந்திரமும் தெரிந்த ஆளும் வேண்டும்.

உள்ளே என்ன நடக்கிறது

ஏசி குளிரை உண்டாக்குவதில்லை. காருக்குள் இருக்கும் வெப்பத்தை வாரிக்கொண்டு போய் வெளியே கொட்டுகிறது. ஒரு திரவம் ஆவியாகும்போது சுற்றியுள்ள வெப்பத்தை உறிஞ்சும், அந்த ஆவி மீண்டும் திரவமாகும்போது உறிஞ்சியதை வெளியே விடும். முழு ஏசியும் இந்த ஒரு குணத்தை நம்பித்தான் ஓடுகிறது. இன்று ஓடும் பெரும்பாலான கார்களின் ஏசியில் இருக்கும் ஆர்134ஏ என்ற கேஸ், சாதாரணக் காற்றழுத்தத்தில் மைனஸ் 26 டிகிரி செல்சியஸிலேயே கொதித்துவிடும். அழுத்தத்தைக் கூட்டினால் கொதிநிலையும் கூடும். அதாவது அழுத்தத்தைக் கட்டுப்படுத்தினால், எந்த வெப்பநிலையில் ஆவியாக வேண்டும் என்பதை நாமே தீர்மானிக்கலாம்.

கம்ப்ரசர் குறைந்த அழுத்தத்தில் வரும் ஆவியை இழுத்து நெருக்குகிறது. அது சுடச்சுட கன்டென்சருக்குப் போகிறது. ரேடியேட்டருக்கு முன்னால் வலைபோல நிற்பதுதான் கன்டென்சர். அங்கே காற்று பட்டு வெப்பத்தை இழந்து திரவமாகிறது. டிரையர் என்ற சிறு குப்பியில் ஈரமும் தூசும் வடிகட்டப்படுகின்றன. எக்ஸ்பான்ஷன் வால்வின் மெல்லிய துளையைத் தாண்டியதும் அழுத்தம் சட்டென்று விழுகிறது, டாஷ்போர்டுக்குப் பின்னால் இருக்கும் கூலிங் காயிலில் திரவம் கொதிக்கத் தொடங்குகிறது. புளோயர் அந்தக் காயில் வழியாகக் காற்றைத் தள்ள, குளிர்ந்த காற்று நம் முகத்தில் அடிக்கிறது. காற்றில் உள்ள ஈரம் காயிலில் நீராகப் படிந்து, ஒரு சிறு குழாய் வழியாகக் காருக்கு அடியில் சொட்டுகிறது. வண்டியை நிறுத்தியதும் கீழே தேங்கும் அந்தத் தண்ணீரைப் பார்த்துப் பயப்படுகிறவர்கள் உண்டு. வெயில் நாளில் அது சொட்டாமல் இருந்தால்தான் யோசிக்க வேண்டும்.

இந்தப் படத்தில் பலர் மறந்துவிடும் பகுதி ஒன்று இருக்கிறது. கூலிங் காயில் இருக்கும் அதே பெட்டிக்குள் ஹீட்டர் காயிலும் இருக்கிறது. இன்ஜினைச் சுற்றி ஏறக்குறைய 90 டிகிரிக்குச் சூடேறிய கூலண்ட் அதற்குள் ஓடுகிறது. குளிர்ந்த காற்றில் எவ்வளவு இந்தச் சூட்டின் மேல் பட்டு வர வேண்டும் என்பதை ஒரு பிளாஸ்டிக் கதவு, அதாவது ஃபிளாப், முடிவு செய்கிறது. பெரும்பாலான கார்களில் வெப்பநிலைக் குமிழைத் திருப்பும்போது நாம் நகர்த்துவது இந்த ஃபிளாப்பைத்தான். அது சூட்டுப் பக்கம் சிக்கிக்கொண்டால், கம்ப்ரசர் எவ்வளவு ஒழுங்காக உழைத்தாலும் வெதுவெதுப்பான காற்றுதான் வரும். கிலோ கணக்கில் கேஸ் ஏற்றினாலும் பயன் இல்லை.

தானியங்கி கிளைமேட் கன்ட்ரோல் இதே அமைப்புதான், ஃபிளாப்பையும் புளோயரையும் கைக்குப் பதில் ஒரு கணினி நகர்த்துகிறது. 1964 மாடல் காடிலாக் கார்களில் 'கம்ஃபர்ட் கன்ட்ரோல்' என்ற பெயரில் வந்தது இந்த யோசனை. நீங்கள் 23 டிகிரி என்று வைத்தால், உள்ளே எவ்வளவு, வெளியே எவ்வளவு, வெயில் எவ்வளவு விழுகிறது, காயில் எவ்வளவு குளிர்ந்திருக்கிறது என்று நாலைந்து சென்சார்களைக் கேட்டு அது முடிவெடுக்கிறது. அவற்றில் ஒன்று பொய் சொன்னாலும் முடிவு கோணலாகிவிடும்.

முதலில் காற்று

வென்ட்டில் கையை வைத்துப் பாருங்கள். காற்று குளிர்ச்சியாக இருக்கிறது, ஆனால் வேகம் இல்லை என்றால், பிரச்சினை பெரும்பாலும் கேஸில் இல்லை. முதல் சந்தேகம் கேபின் ஃபில்டர். பெரும்பாலான கார்களில் கிளவ் பாக்ஸுக்குப் பின்னால் இருக்கும், கழற்றப் பத்து நிமிடம் கூட ஆகாது. இலைச் சருகு, முடி, கறுப்புத் தூசு எல்லாம் சேர்ந்து கம்பளிபோல ஆகியிருக்கும். ஃபில்டரைக் கழற்றிவிட்டு புளோயரை ஓட்டிப் பாருங்கள். வேகம் திரும்பினால் நோய் கண்டுபிடிக்கப்பட்டது, புதிய ஃபில்டரைப் போட்டுவிட்டு வேறு வேலையைப் பார்க்கலாம்.

புளோயர் முழு வேகத்தில் மட்டும் ஓடுகிறது, 1, 2, 3-இல் அசையவில்லை என்றால் ரெசிஸ்டர் போயிருக்கிறது. கையால் சுழற்றும் குமிழ் உள்ள கார்களில், குறைந்த வேகங்களுக்கு மின்சாரம் இந்த ரெசிஸ்டர் வழியாகப் போகும். முழு வேகத்தில் அதைத் தாண்டி நேராக மோட்டாருக்குப் போய்விடும். அதனால்தான் இப்படி ஒரு விசித்திரமான அறிகுறி. மாற்றும்போது அதன் பிளக்கையும் கவனியுங்கள். பிளாஸ்டிக் உருகிப் பழுப்பேறி இருந்தால், மோட்டார் இறுகிப்போய் அதிக மின்சாரம் இழுக்கிறது என்று அர்த்தம். மோட்டாரை விட்டுவிட்டு ரெசிஸ்டரை மட்டும் மாற்றினால் அதுவும் கருகும்.

கிளம்பியதும் நன்றாகக் குளிர்ந்து, அரைமணி நேரத்தில் காற்றே குறைந்துபோய், ஏசியைச் சிறிது நேரம் நிறுத்திவிட்டுப் போட்டால் மறுபடி சரியாகிறதா? கூலிங் காயிலில் பனி உறைந்து வழியை அடைத்திருக்கிறது. காயில் உறையும் நிலைக்கு வந்தால் கம்ப்ரசரை நிறுத்தச் சொல்ல வேண்டியது அதன் மேல் இருக்கும் சென்சார். அது வேலை செய்யவில்லை, அல்லது காற்றோட்டம் ஏற்கெனவே குறைவாக இருக்கிறது. கேஸ் கொஞ்சம் குறைந்திருந்தாலும் இப்படி நடக்கும்.

முன் சீட்டின் கால்மிதியில் தண்ணீர் தேங்கினால் வடிகுழாய் அடைத்திருக்கிறது. அடியிலிருந்து மெல்லிய வளையும் ஒயரை விட்டு மெதுவாகக் குத்தினால் பெரும்பாலும் சரியாகிவிடும். ஆனால் அந்தத் தண்ணீர் பிசுபிசுவென்று இருந்து, இனிப்பு வாடை வந்து, முன்கண்ணாடியில் எண்ணெய்ப் படலம்போல ஆவி படிந்தால் அது தண்ணீர் அல்ல, கூலண்ட். ஹீட்டர் காயில் ஒழுகுகிறது. அதைத் தள்ளிப்போடக் கூடாது, கூலண்ட் குறைந்தால் இன்ஜினே சூடேறிவிடும்.

ஃபிளாப்பும் அதன் மோட்டாரும்

காற்று வேகமாக வருகிறது, குளிர் மட்டும் இல்லை. இப்போது பானெட்டைத் திறப்பதற்கு முன் ஒரு சோதனை. இன்ஜின் ஆறியிருக்கும்போது, அதாவது காலையில் முதல் ஸ்டார்ட்டில், ஏசியைப் போட்டுப் பாருங்கள். முதல் சில நிமிடங்கள் நன்றாகக் குளிர்ந்து, இன்ஜின் சூடேற ஏற வென்ட் காற்றும் சூடாகிறது என்றால், ஹீட்டரின் சூடு கலக்கிறது என்று சந்தேகிக்கலாம். உறுதி செய்ய, ஹீட்டருக்குப் போகும் ரப்பர் குழாயை அதற்கான கிளாம்ப்பால் சற்று நேரம் இறுக்கிப் பிடித்தால் போதும். குளிர் திரும்பினால் குற்றவாளி ஃபிளாப்தான்.

ஃபிளாப்பை நகர்த்தும் சிறு மோட்டாருக்குள் பிளாஸ்டிக் பல்சக்கரங்கள் இருக்கும். பல் உடைந்தால், வண்டியை ஆன் செய்ததும் டாஷ்போர்டுக்குள்ளிருந்து 'டிக் டிக் டிக்' என்று சில நொடிகள் சத்தம் வரும். வெப்பநிலையை மாற்றும்போதும் அதே சத்தம். வலது பக்கம் ஜில்லென்றும் இடது பக்கம் வெக்கையாகவும் வரும் இரட்டை மண்டலக் கார்களில் முதல் சந்தேகம் இந்த மோட்டார்மேல்தான், ஆனால் கேஸ் குறைந்தாலும் இதே போல் ஒரு பக்கம் மட்டும் குளிரும் என்பதை நினைவில் வையுங்கள். பேட்டரியைக் கழற்றி மாட்டிய பிறகு பிரச்சினை தொடங்கியதா? ஃபிளாப் தன் எல்லைகளை மறந்திருக்கும். பல கார்களில் ஏசிக்கான ஃப்யூஸை ஒரு நிமிடம் கழற்றிப் போட்டால் மோட்டார்கள் இரு முனைக்கும் போய் மறுபடி கற்றுக்கொள்ளும்.

வெளிக்காற்றை அடைத்து உள்காற்றையே சுற்றவிடும் ஃபிளாப் சிக்கிக்கொண்டாலும் குளிர் குறையும். கொளுத்தும் வெயிலில் வெளிக்காற்றை இழுத்து இழுத்துக் குளிரவைக்க எந்த ஏசியும் திணறும். அந்தப் பட்டனை மாற்றி மாற்றி அழுத்தும்போது புளோயர் சத்தம் மாற வேண்டும். மாறவில்லை என்றால் ஃபிளாப் நகரவில்லை.

பானெட்டுக்கு அடியில்

இன்ஜின் ஓட, ஏசி ஆன், புளோயர் முழு வேகம். கம்ப்ரசரின் முகப்பைப் பாருங்கள், கையையும் துணியையும் பெல்ட்டிலிருந்து தள்ளியே வையுங்கள். கிளட்ச் உள்ள கம்ப்ரசரில் புல்லி எப்போதும் சுற்றும், அதன் நடுவில் உள்ள தட்டு ஏசி போட்டதும் 'டக்' என்று ஒட்டிக்கொண்டு சேர்ந்து சுற்ற வேண்டும். புதிய கார்கள் பலவற்றில் கிளட்ச்சே இல்லை, தட்டு எப்போதும் சுற்றிக்கொண்டே இருக்கும். அங்கே குழாய்களைத் தொட்டுத்தான் தெரிந்துகொள்ள வேண்டும். கூலிங் காயிலிலிருந்து கம்ப்ரசருக்குத் திரும்பும் தடித்த குழாய் ஜில்லென்று வியர்த்திருந்தால் சுற்று வேலை செய்கிறது. கம்ப்ரசரிலிருந்து கன்டென்சருக்குப் போகும் குழாய் கையைச் சுடும், அதைப் பிடித்துப் பார்க்க வேண்டாம்.

தட்டு ஒட்டவே இல்லை என்றால் மல்டிமீட்டரை எடுங்கள். கிளட்ச் பிளக்கில் 12 வோல்ட் வருகிறதா? வந்தும் ஒட்டவில்லை என்றால் கிளட்ச் சுருள் அறுந்திருக்கலாம். நல்ல சுருள் ஏறக்குறைய 3 முதல் 5 ஓம் காட்டும். இன்னொரு சாத்தியம், தட்டுக்கும் புல்லிக்கும் நடுவில் உள்ள இடைவெளி தேய்ந்து பெரிதாகிவிட்டது. இதன் அறிகுறி மெக்கானிக்குகளையே குழப்பும். காலையில் ஏசி அருமையாக ஓடும், ஒரு மணி நேரம் ஓட்டியதும் நின்றுவிடும், வண்டி ஆறினால் மறுபடி ஓடும். காரணம் எளிது. சூடேறிய செம்புச் சுருளின் மின்தடை கூடும், காந்த இழுவை குறையும், அகன்ற இடைவெளியைத் தாண்டித் தட்டை இழுக்க அதற்குச் சக்தி போதாது. பல கம்ப்ரசர்களில் அந்த இடைவெளி அரை மில்லிமீட்டரை ஒட்டித்தான் இருக்க வேண்டும். தட்டுக்குப் பின்னால் உள்ள மெல்லிய வாஷர் ஒன்றை எடுத்தாலே சரியாகும் பழுதுக்கு முழு கம்ப்ரசரையும் மாற்றியவர்கள் இருக்கிறார்கள்.

12 வோல்ட் வரவில்லையா? ஃப்யூஸ், பிறகு ரிலே, அதாவது மின்சாரத்தை இணைத்துவிடும் சிறு சுவிட்ச். அதே எண் உள்ள ஹாரன் ரிலேயைக் கழற்றி ஏசி ரிலே இடத்தில் போட்டுப் பார்ப்பது பழைய உத்தி, இன்றும் பயன்படும். அதற்கும் மசியவில்லை என்றால், யாரோ கம்ப்ரசரை ஓட வேண்டாம் என்று தடுக்கிறார்கள். ஒன்று பிரஷர் சுவிட்ச், இல்லையென்றால் சென்சார்.

தட்டு சில நொடிக்கு ஒரு முறை ஒட்டுவதும் விடுவதுமாக இருந்தால் கேஸ் குறைவு என்ற சந்தேகத்துக்கு இப்போது நியாயம் இருக்கிறது. தாழ்ந்த அழுத்தத்தைப் பார்த்து சுவிட்ச் கம்ப்ரசரை நிறுத்திக்கொண்டே இருக்கிறது. அந்த சுவிட்ச்சை ஒயர் போட்டு நேராக இணைத்து ஓட்டச் சொல்லும் ஆலோசனையை மட்டும் கேட்காதீர்கள். கம்ப்ரசருக்கு வேண்டிய ஆயில் கேஸோடு கலந்துதான் சுற்றுகிறது. கேஸ் இல்லாமல் ஓட்டினால் ஆயிலும் வராது, கம்ப்ரசர் இறுகிவிடும்.

ஓடும்போது குளிர்ச்சி, சிக்னலில் நின்றால் வெக்கை என்பது அடிக்கடி வரும் புகார். ஓடும்போது கன்டென்சருக்குக் காற்று தானாகவே கிடைக்கிறது, நின்றதும் விசிறி தர வேண்டும். ஏசி போட்டதும் முன்பக்க விசிறி சுற்றுகிறதா என்று பாருங்கள். சுற்றினாலும் குளிரவில்லை என்றால், ஐடிலிங்கில் ஒரு வாளித் தண்ணீரைக் கன்டென்சர்மேல் மெதுவாக ஊற்றுங்கள். வென்ட் காற்று சட்டென்று குளிர்ந்தால், வெப்பம் வெளியேற முடியாமல் தவிக்கிறது என்று உறுதி. விசிறி பலவீனம், அல்லது கன்டென்சர் தூசும் பூச்சியுமாக அடைத்திருக்கிறது. கழுவும்போது அதிவேக வாட்டர் கன்னைப் பயன்படுத்தினால் தகடுகள் மடங்கி நிலைமை இன்னும் மோசமாகும்.

பொய் சொல்லும் சென்சார்கள்

இந்த சென்சார்களில் பெரும்பாலானவை ஒரே வகை. சூடு கூடினால் மின்தடை குறையும். ஒயர் அறுந்தால் மின்தடை எல்லையற்றதாகிவிடும், கணினி அதைக் கடும் குளிர் என்று எடுத்துக்கொள்ளும். முன் பம்பருக்குப் பின்னால் இருக்கும் வெளிவெப்பநிலை சென்சார் சின்ன இடியில் உடைந்தால், மீட்டரில் மைனஸ் 40 என்று காட்டும் கார்கள் உண்டு. வெளியே அவ்வளவு குளிராக இருந்தால் ஏசி எதற்கு என்று கணினி கம்ப்ரசரை ஓடவே விடாது. ஆகவே மீட்டரில் காட்டும் வெளிவெப்பநிலை நம்பும்படி இருக்கிறதா என்று பார்ப்பது மிக எளிய சோதனை.

உள்வெப்பநிலை சென்சார் டாஷ்போர்டில் ஒரு சிறு கிரில்லுக்குப் பின்னால் ஒளிந்திருக்கும். பல கார்களில் அதன் வழியாகக் காற்றை லேசாக உறிஞ்சும் குழாய் இருக்கும். புளோயரை ஓடவிட்டு, நகம் அளவு டிஷ்யூ பேப்பரை அந்தக் கிரில்மேல் வையுங்கள். ஒட்டிக்கொண்டால் சரி. விழுந்தால் தூசு அடைத்திருக்கிறது, அல்லது பின்னால் குழாய் கழன்றிருக்கிறது.

பல தானியங்கி அமைப்புகள் தம் பழுதைத் தாமே சொல்லும். டொயோட்டாவின் பல மாடல்களில் 'ஆட்டோ' பட்டனையும் உள்காற்றுப் பட்டனையும் அழுத்திக்கொண்டே சாவியை ஆன் நிலைக்குத் திருப்பினால் எண்களாகக் குறியீடுகள் வரும். அங்கே 21 என்று வந்தால் வெயில் சென்சார் என்று பொருள். ஆனால் இருட்டான ஷெட்டுக்குள் வைத்துப் பார்த்தால், நல்ல சென்சாருக்கும் 21 காட்டும், வெளிச்சமே இல்லையே. வண்டியை வெயிலில் நிறுத்திவிட்டுத்தான் இந்தச் சோதனையைச் செய்ய வேண்டும்.

கடைசியாக கேஸ்

எல்லாம் சரி, இன்னும் குளிரவில்லை. இப்போது அழுத்தம் காட்டும் கேஜை மாட்டலாம். இங்கே ஒரு பரவலான தவறு நடக்கிறது. இன்ஜினை நிறுத்திவிட்டுக் கேஜைப் பார்த்து, 30 டிகிரி வெயிலில் 95 பிஎஸ்ஐ இருக்கிறது, ஆகவே கேஸ் முழுசாக இருக்கிறது என்று முடிவுகட்டுவார்கள். உள்ளே கொஞ்சம் திரவம் மிச்சமிருந்தாலே அந்த அழுத்தம் வந்துவிடும். 200 கிராம் இருந்தாலும் 500 கிராம் இருந்தாலும் முள் ஒரே இடத்தில்தான் நிற்கும். அழுத்தம் மிகவும் தாழ்ந்திருந்தால் கேஸ் போய்விட்டது என்று சொல்லலாம், சரியாக இருந்தால் எதையும் சொல்ல முடியாது.

ஓடும்போது பார்ப்பதுதான் பயன் தரும். ஆர்134ஏ சுற்றில் தாழ்ந்த பக்கம் 25 முதல் 45 பிஎஸ்ஐ, உயர்ந்த பக்கம் 150 முதல் 250 என்பது பொதுவான எல்லை, வெளிவெயிலைப் பொறுத்து ஏறி இறங்கும். இரண்டும் தாழ்ந்தால் கேஸ் குறைவு. இரண்டும் ஏறினால் கேஸ் அதிகம், அல்லது கன்டென்சருக்குக் காற்று போதவில்லை. தாழ வேண்டியது ஏறி, ஏற வேண்டியது தாழ்ந்து, இரண்டு முள்ளும் ஒன்றையொன்று நெருங்கினால் கம்ப்ரசரின் நெருக்கும் சக்தி போய்விட்டது. தாழ்ந்த பக்கம் பூஜ்யத்துக்கும் கீழே போனால் எக்ஸ்பான்ஷன் வால்வு அடைத்திருக்கிறது.

கசிவைத் தேடும்போது கண்ணே முதல் கருவி. ஆயிலும் சேர்ந்து வெளியேறுவதால், கசியும் இடத்தில் எண்ணெய்ப் பிசுக்கும் அதில் ஒட்டிய தூசும் இருக்கும். கல்லடி படும் கன்டென்சர், குழாய்களின் மடிப்புகள், கம்ப்ரசரின் தண்டு சீல், சர்வீஸ் வால்வு ஆகியவை வழக்கமான இடங்கள். தெரியவில்லை என்றால் ஒளிரும் சாயத்தைச் செலுத்தி புறஊதா விளக்கில் பார்க்கலாம். கேஸ் கசிவுமானியைக் குழாய்க்கு அடியில் நகர்த்த வேண்டும், இந்த கேஸ் காற்றைவிடக் கனம். கூலிங் காயில் கசிகிறதா என்று அறிய டாஷ்போர்டைப் பிரிக்க வேண்டியதில்லை, வடிகுழாய் வாயில் கசிவுமானியைக் காட்டினால் போதும். ஓட்டையை அடைக்கும் ரசாயனங்களை நான் பரிந்துரைக்க மாட்டேன். அவை கேஸ் மீட்கும் இயந்திரத்துக்குள்ளும் போய் இறுகிக்கொள்ளும்.

ஓட்டையைச் சரிசெய்த பிறகு வேக்குவம். காற்றையும் ஈரத்தையும் வெளியேற்றுவது இதன் வேலை. ஆழ்ந்த வேக்குவத்தில் தண்ணீர் அறை வெப்பநிலையிலேயே கொதித்து ஆவியாகிவிடும். குறைந்தது அரைமணி நேரமாவது இழுத்துவிட்டு, பம்பை நிறுத்தி, முள் நகராமல் நிற்கிறதா என்று பார்க்க வேண்டும். சுற்றைத் திறந்தால் டிரையரையும் மாற்றிவிட வேண்டும். கம்ப்ரசர் உள்ளே உடைந்திருந்தால் அதன் உலோகத் தூள் சுற்று முழுவதும் பரவியிருக்கும். கன்டென்சரின் நுண்ணிய குழாய்களைச் சரியாகக் கழுவ முடியாது, பெரும்பாலும் அதையும் மாற்றத்தான் வேண்டும்.

கேஸை எடைபோட்டுத்தான் ஏற்ற வேண்டும். எத்தனை கிராம், எந்த கேஸ் என்பது பானெட்டுக்கு அடியில் உள்ள ஸ்டிக்கரில் இருக்கும். பல சிறிய கார்களுக்கு 400 முதல் 600 கிராம் போதும். "கொஞ்சம் கூடுதலாகப் போடுங்க" என்று கேட்டு வாங்குவது தலைவலி போய்த் திருகுவலி வந்த கதையாகும். கூடுதல் திரவம் கன்டென்சரை நிரப்பிக்கொண்டால் ஆவி குளிர இடம் இருக்காது, அழுத்தம் ஏறும், குளிர் குறையும். கேஸ் வகையையும் கலக்கக் கூடாது. ஓசோன் படலத்தைக் காக்க 1987-இல் ஏற்பட்ட மான்ட்ரியல் உடன்படிக்கையால் பழைய ஆர்12 ஒழிந்து ஆர்134ஏ வந்தது. அது ஓசோனுக்குக் கேடில்லை, ஆனால் கரியமில வாயுவைவிட 1,400 மடங்குக்கு மேல் புவியைச் சூடாக்கும். அதனால் அதையும் காற்றில் திறந்துவிடாமல் இயந்திரத்தால்தான் மீட்க வேண்டும். ஐரோப்பிய ஒன்றியத்தில் 2017 முதல் எல்லாப் புதிய கார்களும் அதைக் கைவிட்டன. பெரும்பாலும் இப்போது வருவது ஆர்1234ஒய்எஃப். அது லேசாகத் தீப்பற்றக்கூடியது, இணைப்பு வாய்களும் வேறு அளவு.

எந்தக் கேஸாக இருந்தாலும் திரவமாகத் தோலில் பட்டால் சதை உறைந்துவிடும், கண்ணில் பட்டால் பார்வைக்கே ஆபத்து. கண்ணாடியும் கையுறையும் இல்லாமல் குழாயைக் கழற்றாதீர்கள். மின்சாரக் கார், ஹைப்ரிட் கார் என்றால் இன்னொரு படி எச்சரிக்கை வேண்டும். அவற்றில் பெரும்பாலானவற்றில் கம்ப்ரசர் பெல்ட்டில் ஓடுவதில்லை, ஆரஞ்சு நிற ஒயரில் வரும் உயர் வோல்ட் மின்சாரத்தில் ஓடுகிறது. அவற்றுக்கான ஆயிலும் வேறு. சாதாரணக் காருக்குப் போடும் ஆயில் சிறிதளவு கலந்தாலும் கம்ப்ரசருக்குள் மின்காப்பு கெட்டுவிடலாம். அந்தக் கார்களில் ஃபில்டர், ஃபிளாப், சென்சார் வரை நீங்கள் பாருங்கள். ஆரஞ்சு ஒயர் கண்ணில் பட்டதும் ஸ்பேனரைக் கீழே வைத்துவிட்டு, அதற்கெனப் பயிற்சி பெற்றவரிடம் வண்டியை விடுங்கள்.